ஏரி உள்வாயில் நெல்லின் பங்காளிகள்

ஐ.ஆர். 36 என்ற நெல் ரகத்தின் வம்சாவளியைக் கிளை கிளையாகப் பிரித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் திருவள்ளூர் மாவட்டத்து ஊர் ஒன்று வந்து நிற்கும். திரூர். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் என்று அரக்கோணம் பாதையில் போகும் புறநகர் ரயிலில் செவ்வாப்பேட்டை ரோட்டில் இறங்கினால் பக்கம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. 1952-இல் வெளியான டி.கே.எம். 6 அந்த மண்ணில் உருவான ரகம். திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து. தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கும், பாக்டீரியா இலைக்கருகலையும் எதிர்த்து நிற்கும் என்பதால் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கலப்புக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் வயல் முதல் அரிசி மண்டி வரை எல்லோரும் அறிந்த ஐ.ஆர். 20, 1969-இல் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. ஐ.ஆர். 36-இன் முன்னோர்களிலும் அது உண்டு.

ஐ.ஆர். 36-இன் வம்சாவளியில் இன்னொரு பெயரும் உண்டு. அதை எந்த ஆராய்ச்சி நிலையமும் உருவாக்கவில்லை, எந்த விவசாயியும் விதைக்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டு நெல் அது. தாவரவியல் பெயர் ஒரைசா நிவாரா. மணிலாவுக்கு அருகில், அதே சர்வதேச நிலையத்தில் உள்ள விதை வங்கியில் அதன் எண் 101508.

1966-இல் ஐ.ஆர். 8 வந்தபின் ஆசியாவின் நெல் வயல்கள் மாறிவிட்டன. குட்டையான பயிர், நிறைய உரம், ஒரு போகம் முடிந்ததும் அடுத்த போகம். புகையான் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் பசுந்தீனி கிடைத்தது. சாறு உறிஞ்சிப் பயிரைத் தீய்ந்ததுபோல் ஆக்குவதோடு, அது புல்தழைக் குட்டை நோய் என்ற வைரஸ் நோயையும் செடிக்குச் செடி பரப்பியது. நோய் கண்ட பயிர் புல் குத்துபோல் குட்டையாகத் தூர் கட்டிக்கொண்டு நிற்கும், கதிர் தள்ளாது. எதிர்ப்புள்ள ரகத்தைத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட நெல் சேகரிப்புகளை நோய்க்கு உட்படுத்திப் பார்த்தார்கள். மனிதர் பயிரிட்ட ரகங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எதிர்த்து நின்றது 101508 ஒன்றுதான். அந்தச் சேகரிப்பிலும் எல்லாச் செடிகளும் தாங்கவில்லை, சில செடிகள் மட்டுமே தாங்கின.

அந்தச் சில செடிகளில் இருந்த எதிர்ப்பு ஒரே ஒரு மரபணுவில் அடங்கியிருந்தது. அந்த நிலையத்தில் குருதேவ் குஷ் தலைமையிலான குழு அதை நல்ல ரகங்களுக்குள் கொண்டுவந்தது. 1974-இல் ஐ.ஆர். 28, 29, 30 வெளியாயின. 1976-இல் ஐ.ஆர். 36 வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அது உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிரானது. அதுவரை எந்த உணவுப் பயிரின் தனி ரகமும் அவ்வளவு பரப்பைப் பிடித்ததில்லை. திரூர் நெல்லும் குளத்து ஓரத்துக் காட்டு நெல்லும் அந்த ஒரே பயிரில் கூடின.

6,000-இல் ஒன்று என்ற கணக்கு மகிழ்ச்சியைவிடக் கலக்கத்தைத் தர வேண்டும். அந்த விதையைச் சேகரித்தவர் அன்று வேறு வழியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பள்ளம் முன்னரே மண் கொட்டித் தூர்க்கப்பட்டிருந்தால்? பயிர்களின் காட்டு உறவுகளைப் பற்றிப் பேசும்போது உண்மையில் பேசப்படுவது இந்தப் பள்ளங்களைப் பற்றித்தான். மழைக்காலத்தில் நீர் தேங்கி வெயிலில் காய்கிற விளிம்புகள், யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்குகள். சென்னையின் மேற்குப் புறநகரில் இன்னும் மிச்சமிருக்கும் நிலத்தில் பெரும்பகுதி இந்த வகைதான்.

காட்டு நெல் பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கும். வித்தியாசம் கதிரில் தெரியும். பயிர் நெல்லின் கதிர் கனத்துத் தலைசாய்ந்து நிற்க, காட்டு நெல்லின் கதிர் மணிகள் விலகி, மெலிந்து, விரிந்து இருக்கும். ஒவ்வொரு மணியின் நுனியிலும் விறைப்பான நீண்ட மீசை. அதை விரலால் கீழிருந்து மேலாகத் தடவினால் வழுக்கும், மேலிருந்து கீழாகத் தடவினால் அரம்போல் சுரசுரக்கும். ஆட்டுமாட்டின் உரோமத்தில் ஒட்டவும், ஈரச் சேற்றில் மணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தவும் அந்தச் சுரசுரப்பு உதவுகிறது. முற்றிய உமி கறுக்கும், உள்ளே அரிசி சிவப்பு. கதிரின் எல்லா மணிகளும் ஒன்றாக முற்றுவதில்லை. நுனியில் தொடங்கி நாளுக்குச் சிலவாக முற்றும், முற்றியதும் உதிரும். காற்று போதும், கொக்கு உரசினாலும் போதும். உதிர்ந்த மணி உடனே முளைக்காது. கோடை முழுவதும் சேற்றில் உறங்கிக் கிடந்து அடுத்த மழைக்குத்தான் எழும், சில மணிகள் அதற்கும் அடுத்த மழைக்கு.

விவசாயிக்கு இவற்றில் ஒன்றுகூட வேண்டாத குணம். அறுக்கும்வரை மணி கதிரில் நிற்க வேண்டும், விதைத்த எல்லாம் ஒரே வாரத்தில் முளைக்க வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காட்டு நெல்லை அறுத்தவர்கள் கையில், உதிராத மணிகள்தான் தற்செயலாக அதிகம் வந்து சேர்ந்தன. அவற்றையே மறுபடி விதைத்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வொன்று இந்த மாற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. காட்டு நெல்லுக்கும் வீட்டு நெல்லுக்கும் அதில் இருந்த முக்கிய வேறுபாடு டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து.

வீடு மாறும்போது அன்றாடம் புழங்குவதை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு, பரணில் இருப்பதை விட்டுவிட்டுப் போவதுண்டு. பயிராக்கம் நடந்ததும் அப்படித்தான். உதிராத மணி, நிமிர்ந்த தூர், ஒன்றாகப் பூக்கும் பழக்கம் ஆகியவற்றைத் தேடி, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சில செடிகளின் விதையே அடுத்த விதைப்புக்குப் போனது. தேர்வாகாத செடிகளோடு அவற்றின் நோயெதிர்ப்பும், உப்பைத் தாங்கும் திறனும், வறட்சிக்கான ஏற்பாடுகளும் வயலுக்கு வெளியே நின்றுவிட்டன. வெளியே நின்றவற்றுக்கு மருந்தடிக்க யாரும் இல்லை, நீர் பாய்ச்ச யாரும் இல்லை. பூச்சியோடும் பூஞ்சையோடும் பல்லாயிரம் ஆண்டு மல்லுக்கட்டிப் பிழைத்தவைதான் இன்றைக்கு இருக்கின்றன. பயிர் விஞ்ஞானி திரும்பி வந்து கேட்பதும் அந்தப் பிழைப்பின் திறமையைத்தான்.

கேட்டு வாங்குவது எளிதல்ல. காட்டு நெல்லையும் நல்ல ரகத்தையும் கலந்தால் பிறக்கும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: நோய் தாங்கும், கூடவே மணி உதிரும், சாயும், விளைச்சல் குறையும். அதனால் அந்தப் பிள்ளையை மறுபடியும் நல்ல ரகத்தோடு கலப்பார்கள். பிறந்தவற்றை நோய்க்கு உட்படுத்தி, தாங்கியதை மட்டும் எடுத்து மீண்டும் நல்ல ரகத்தோடு. பின்கலப்பு என்பது இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் காட்டு உறவின் பங்கு சராசரியாகப் பாதியாகக் குறையும். சில சுற்றுகளுக்குப் பிறகு பயிர் கிட்டத்தட்ட முழுவதும் பழைய நல்ல ரகமாகவே இருக்கும், வேண்டிய அந்த ஒரு மரபணு மட்டும் புதிது. ஆனால் வேண்டிய மரபணுவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வேண்டாத சிலவும் வந்துவிடும். அவற்றைப் பிரித்தெடுக்கத்தான் ஆண்டுகள் போகும்.

சென்னை வீடுகளில் தினமும் வேகும் சம்பா மசூரிக்கு, அதாவது பி.பி.டி. 5204-க்கு, இந்த வேலை நடந்தது. சாப்பாட்டுக்கு அருமையான அரிசி, ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. எழுபதுகளின் பிற்பகுதியில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்திருந்த ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டா என்ற காட்டு நெல், இந்த நோயின் பல வகைகளை எதிர்த்து நிற்பது தெரிந்தது. அந்த எதிர்ப்புக்குக் காரணமான எக்ஸ்.ஏ. 21 மரபணு 1995-இல் தனியே பிரித்தறியப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சேர்ந்து, அதனோடு வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் சம்பா மசூரியில் சேர்த்தன. இந்த முறை நோயைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நாற்றின் இலைத் துண்டிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்து, மரபணு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். 2008-இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி வெளியானது. இதில் நடந்திருப்பது கலப்பு மட்டுமே, மரபணு மாற்றுத் தொழில்நுட்பம் இல்லை.

நெல்லுக்கு முன்பே இந்த வழியில் போன பயிர் கரும்பு. அந்தக் கதையின் முக்கியப் பகுதி தமிழ்நாட்டில் நடந்தது.

புரட்டாசி, ஐப்பசியில் கூவம், கொசஸ்தலை போன்ற ஆறுகளின் மணல் கரைகளில் வெள்ளைப் பட்டுபோன்ற கதிர்களோடு அசையும் நாணலைப் பலரும் பார்த்திருப்பார்கள். கரும்பின் நெருங்கிய காட்டு உறவு அது, சக்காரம் ஸ்பான்டேனியம். தண்டு பென்சில் பருமன், மென்றால் இனிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும் என்பது அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம். சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே ஒரு துணிச்சலான கலப்பைச் செய்தார்கள். வெள்ளை என்று அழைக்கப்பட்ட பருத்த கரும்புக்குக் கோயம்புத்தூர் நாணலின் மகரந்தத்தைக் கொடுத்தார்கள். இனிக்கும் கரும்பையும் இனிக்காத புல்லையும் கலந்து என்ன கிடைக்கும் என்று அன்று கேட்டிருந்தால் யாரும் நம்பிக்கையான பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். கிடைத்தது கோ 205. 1918-இல் பஞ்சாபுக்குப் போன அந்த ரகம், அங்கே இருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. குளிரையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் தாங்கும் உறுதி நாணலிடமிருந்து வந்தது.

அதே காலத்தில் ஜாவாவில் டச்சுக்காரர்களும் தங்கள் ஊர் நாணலை வைத்து இதே வழியில் போய், 1921-இல் பி.ஓ.ஜே. 2878 என்ற புகழ்பெற்ற ரகத்தைப் பெற்றார்கள். பின்னாளில் இந்த இரண்டு பரம்பரைகளும் ஒன்றோடொன்று கலந்தன. இன்று உலகில் எங்கே கரும்பு வெட்டினாலும் பெரும்பாலும் அதன் குரோமோசோம்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை நாணலுடையவை.

நாணலைப் பற்றிப் பேசும்போது தாவரவியலாளர் ஜானகி அம்மாளை விட்டுவிட முடியாது. தலச்சேரியில் பிறந்த இடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1934-இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்தார். நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 64, வேறோரிடத்தில் 100-க்கும் மேல். ஒரே இனத்துக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதால்தான் ஒரு கரையின் நாணல் இன்னொரு கரையின் நாணலுக்கு ஈடாகாது. நாணலின் குரோமோசோம்களைப் பற்றிய ஆய்வில் அவர் முன்னோடி. கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தவர். 1945-இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூல் உலகம் முழுவதும் பயன்பட்டது. ஓய்வுக்குப் பிறகு 1970-இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கிச் செடிகளோடே வாழ்ந்தார். 1984 பிப்ரவரியில் அங்கேதான் காலமானார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டிப் போகும் பேருந்துகளில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தச் சாலையில் அவர் பெயரில் ஒரு பலகையாவது இருப்பது நியாயம்.

காட்டு உறவிடமிருந்து ஒரு முறை வாங்கிவிட்டால் போதும் என்றில்லை. வெண்டைக்காய் இதற்கு நல்ல உதாரணம். இலை நரம்புகளெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துப் போகும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. ஒரு காலத்தில் நோய் தாங்கும் என்று பேர் வாங்கிய பூசா சவானி ரகம் பின்னர் அதற்குப் பணிந்துவிட்டது. அதன்பின் மராத்வாடாவில் காட்டு வெண்டையோடு கலந்து பர்பானி கிராந்தி வந்தது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு காட்டு வெண்டையிலிருந்து அர்கா அனாமிகா வந்தது. இரண்டும் பல ஆண்டு நன்றாக ஓடின. வைரஸ் சும்மா இருக்கவில்லை. இன்று பல இடங்களில் அந்த ரகங்களிலும் மஞ்சள் இலை தெரிகிறது. நோய் மாறிக்கொண்டே இருக்கும்வரை, எதிர்ப்பைத் தேடி மறுபடி காட்டு வெண்டையிடம்தான் போக வேண்டியிருக்கும்.

சில சமயம் காட்டு உறவு தருவது எதிர்ப்பை அல்ல, ஒரு குறைபாட்டை. நெல் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். வீரிய ஒட்டு விதை வேண்டுமென்றால் மகரந்தம் இல்லாத மலட்டு நெல் வேண்டும். 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில், நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் குழுவைச் சேர்ந்தவர்கள் சதுப்பு நிலமொன்றில் மகரந்தம் வற்றிய ஒரு காட்டு நெல் செடியைக் கண்டெடுத்தார்கள். சீனாவின் வீரிய ஒட்டு நெல் பெருமளவு அந்தச் செடியிலிருந்து வந்தது. சாம்பாருக்குப் போகும் துவரையிலும் இதுவே நடந்தது. ஐதராபாத்துக்கு அருகில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், கிழக்கு மலைத்தொடர்ப் பகுதிகளில் காணப்படும் கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற காட்டுத் துவரையிலிருந்து ஆண் மலட்டுத்தன்மையைப் பெற்று வீரிய ஒட்டுத் துவரையை உருவாக்கியது. அப்படி வந்த ஐ.சி.பி.எச். 2671 ரகம் 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது.

இவையெல்லாம் எங்கோ மலையிலும் அயல்நாட்டிலும் இருக்கும் செடிகள் என்று நினைக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடைபாதைக் கல்லின் இடுக்கைப் பார்த்தால் போதும். தரையோடு படிந்து, அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக, விரல்போல் பிரிந்த கதிரோடு ஒரு புல் நிற்கும். எலூசின் இண்டிகா. கேழ்வரகின் இரண்டு மரபுத் தொகுதிகளில் ஒன்று இந்தப் புல்லின் வழியில் வந்தது. லாரி ஏறினாலும் மடிந்து மறுபடி நிமிரும். காலி மனையில் மழை நீர் நின்ற இடத்தில் முளைக்கும் இன்னொரு புல் எக்கினோகுளோவா கொலோனா, குதிரைவாலியின் மூதாதை. வரகு தன் பழைய காட்டு வடிவத்தோடு இன்றும் வயல் வரப்பில் களையாகவே நிற்கிறது. மணற்பாங்கான தரையில் மூன்று பிளவாய் நறுக்கிய இலையோடு படரும் நரிப்பயறு, பச்சைப்பயறுக்கும் உளுந்துக்கும் பங்காளி. கத்தரியின் மூதாதையான சொலானம் இன்சானம் முள்ளோடும் சிறு மஞ்சள் காயோடும் தென்னிந்தியத் தரிசுகளில் களையாக வளர்கிறது, பயிர்க் கத்தரியோடு தயங்காமல் கலக்கும். வத்தக்குழம்புக்குப் போகும் சுண்டை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்டது. கத்தரிக்கு அது தூரத்து உறவுதான், ஆனாலும் வாடல் நோயையும் வேர் முடிச்சுப் புழுவையும் தாங்கும். அதனால் இப்போது தமிழ்நாட்டில் சுண்டை வேரின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள்.

புல்லும் முள்ளும் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். கவலைக்குரியது ஏரியின் உள்வாய்.

செம்பரம்பாக்கம் முதல் அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு வரை இந்த வட்டாரமே ஏரிகளால் கோக்கப்பட்டது. இந்த ஏரிகள் பள்ளத்தாக்கில் கட்டிய அணைகள் அல்ல. சமதரையில் பிறை வடிவில் கரை போட்டு மழைநீரைத் தேக்கியவை. கரையோரம் ஆழம், எதிர்ப்பக்கம் போகப்போக ஆழம் குறைந்து, எங்கே ஏரி முடிந்து எங்கே தரை தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடும். செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி கொள்ளக்கூடிய பெரிய ஏரி, அதன் முழு ஆழம் 24 அடிதான். மார்கழியில் முழங்கால் நீர் நிற்கும் இடம் மாசியில் சேறாகி, சித்திரையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும். ஆண்டுதோறும் நீர் முன்னேறிப் பின்வாங்கும் இந்த அகன்ற விளிம்புதான் உள்வாய்.

காட்டு நெல்லுக்கு வேண்டியது சரியாக இதுதான். ஒரைசா நிவாரா ஒரே ஆண்டு வாழும் செடி. ஆழமில்லாத நீரில் வளர்ந்து, நீர் வடியும்போது மணியை உதிர்த்துவிட்டு மடியும். சேறு காய்ந்தால்தான் அதன் சுழற்சி நிறைவுபெறும். அதன் உறவான ஒரைசா ரூஃபிபோகன் பல ஆண்டு வாழும், சற்றே ஆழமான, நின்ற நீரை விரும்பும். தமிழ்நாட்டின் குளங்களிலும் சாலையோரப் பள்ளங்களிலும் காணப்படும் இந்த இரண்டுக்கும், ஆழம் படிப்படியாக மாறும் ஓர் ஏரி விளிம்பு அடுத்தடுத்த அறைகளைக் கொடுக்கிறது.

இப்போது நடக்கும் ஏரிச் சீரமைப்பு பெரும்பாலும் இந்த அறைகளை இல்லாமல் ஆக்குகிறது. தூர் வாரும்போது ஓரம்வரை ஒரே ஆழத்துக்கு வெட்டி, அந்த மண்ணையே கரையாகக் கொட்டினால் சாய்வு போய்ச் செங்குத்து வரும். அதன்மேல் கல் பதித்து, கம்பி வேலி போட்டு, நடைபாதை அமைத்தால் நீருக்கும் தரைக்கும் நடுவே இருந்த விளிம்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஆவடி பருத்திப்பட்டில் 2019-இல் திறந்த பசுமைப் பூங்காவில் நடைபாதை உண்டு, படகு உண்டு, காலையும் மாலையும் கூட்டம் உண்டு. நெரிசலான ஊரில் மக்களுக்கு அப்படி ஓரிடம் தேவை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு ஏரிக்கும் சுற்றிலும் அதே வார்ப்பைப் போட வேண்டுமா? மக்கள் நடக்கக் கரைப் பக்கம் போதும். எதிர்ப்பக்கத்துச் சாய்வை அப்படியே விட்டுவிடலாம். திட்ட வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு போதும், செலவும் மிச்சம்.

சீரமைக்காமல் விட்ட ஏரிகளின் நிலைமையும் நல்லதல்ல. கழிவுநீர் சேர்ந்த இடத்தில் ஆகாயத்தாமரை பாயாக மூடுகிறது. காய்ந்த விளிம்பில் சீமைக் கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஏறிவிடுகின்றன. கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டும் முதல் இடமும் உள்வாய்தான். கோடையில் அது காலி நிலம்போல் தெரிவதால் மனை போடுகிறவர்களின் கண்ணும் அங்கேதான் போகிறது.

விதையைச் சேகரித்துக் குளிர்பதன வங்கியில் வைத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. வைக்கத்தான் வேண்டும், 101508 அப்படி வைக்கப்பட்டிருந்ததால்தான் கிடைத்தது. ஆனால் வங்கியில் இருக்கும் விதை சேகரித்த நாளிலேயே நின்றுவிடுகிறது, வெளியே இருக்கும் செடியோ மாறிக்கொண்டே இருக்கிறது. இஸ்ரேலில் காட்டுக் கோதுமையையும் காட்டு வாற்கோதுமையையும் 1980-இலும் 2008-இலும் அதே இடங்களில் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 28 ஆண்டுகளில் அவை பூக்கும் காலம் சராசரியாக ஒன்பது பத்து நாள் முந்திவிட்டது. வெப்பம் கூடுவதற்கு அந்தச் செடிகள் தாமாகவே ஈடுகொடுத்திருக்கின்றன. அந்த விடை பழைய பொட்டலத்தில் இருக்காது.

செடி வாழும் இடத்தையே காப்பாற்றிய நாடுகளும் உண்டு. எழுபதுகளின் இறுதியில் மெக்சிகோவின் மலையொன்றில் மக்காச்சோளத்தின் பல்லாண்டு உறவுச்செடி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வாழிடமான சியரா டி மனன்ட்லான் பின்னர் உயிர்க்கோளக் காப்பகமானது. இந்தியாவில் மேகாலயாவின் காரோ மலையில் உள்ள நோக்ரெக்கில் காட்டு ஆரஞ்சுக்காகவே ஒரு மரபணுச் சரணாலயம் இருக்கிறது. காட்டு நெல்லுக்கு ஏரி விளிம்பில் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். பயிர்களின் காட்டு உறவுகளைப் பதியவும் அந்தப் பதிவேட்டில் இடமுண்டு. ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகள், அம்பத்தூரைத் தன்னுள் கொண்ட சென்னை மாநகராட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏரி ஏரியாகப் போய் அந்தப் பக்கங்களை நிரப்பக் கல்லூரித் தாவரவியல் மாணவர்களே போதும்.

போக வேண்டிய காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் நாட்கள். மணி நிற்காது என்பதால் கதிர் முற்றுவதற்கு முன்பே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட்டு வந்து, பிறகு எடுக்க வேண்டும். ஒரே செடியில் கை நிறைய எடுப்பதைவிட, விளிம்பு நெடுகத் தள்ளித் தள்ளி ஐம்பது செடிகளில் சில மணிகள் வீதம் எடுப்பது பயன் தரும். நோய் தாங்கியது 101508-இலும் சில செடிகள்தானே. நீரின் ஆழம், மண், கூட வளரும் செடிகள், அருகில் நெல் வயல் எத்தனை தூரம் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் குறிப்பு முக்கியமானது. நெல் வயல் பக்கத்தில் இருந்தால் பயிரின் மகரந்தம் காட்டு நெல்லுக்குள் கலந்து, காலப்போக்கில் காட்டு நெல்லின் தனித்தன்மையே கரைந்துவிடும். தைவானின் காட்டு நெல் அழிந்துபோனதற்கு அந்தக் கலப்பும் ஒரு காரணம். நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும், சில பத்து மீட்டருக்கு அப்பால் அதன் ஆதிக்கம் மிகக் குறைவு. அம்பத்தூர், ஆவடி ஏரிகளின் ஆயக்கட்டில் நெல் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வயல்கள் மனைகளாகிப் போனது பெரிய இழப்புதான். ஆனால் அந்த ஏரிகளின் உள்வாயில் எங்காவது காட்டு நெல் தப்பி நின்றால், வயல் சூழ்ந்த கிராமத்து ஏரியில் நிற்பதைவிட அது கலப்பில்லாததாக இருக்க வாய்ப்பு அதிகம். தேடுவதற்கு இது போதுமான காரணம், இந்தத் தை, மாசியிலேயே தொடங்கலாம்.